மானை எண்ணினார்கள், கழுகை எண்ண மறந்தார்கள்!

(மூன்றாம் ஆண்டு இன்ஸ்ட்ருமென்டேஷன் பிரிவு மாணவி எழுதுவது)



"ஃபீட்பேக் கண்ட்ரோலுக்கு ஒரு உதாரணம் சொல்லுங்க பார்க்கலாம்" என்று எங்கள் சார் வகுப்பில் கேட்டார். முதல் பெஞ்சிலிருந்து கடைசி பெஞ்ச் வரை ஒரே மாதிரி பதில்தான். "மொட்டை மாடி தண்ணி டேங்க் சார்!", "ஃப்ரிட்ஜ் சார்!", "இஸ்திரிப் பெட்டி சார்!" சார் சிரித்துவிட்டு, "இதெல்லாம் உங்க சீனியர்ஸ் சொன்னது. அவங்களோட சீனியர்ஸும் இதையேதான் சொன்னாங்க. ஃபேக்டரியிலயும் வீட்டுலயும் இல்லாத ஒண்ணைத் தேடிப் பிடிச்சுட்டு வாங்க. இந்தத் தடவை அதுதான் செமினார்" என்றார்.

நான் தேடிப் போனது ஜப்பானுக்கு. அங்கே பிடித்தது ஒரு மானை! மானுக்கும் கண்ட்ரோலுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்பது புரிகிறது. நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் படிக்கப் படிக்க விஷயம் மானோடு நிற்கவில்லை. மானிலிருந்து கழுகுக்குப் போனது. கழுகிலிருந்து காரீயத்துக்குப் போனது. கடைசியில் எங்கள் வீட்டு வாசலுக்கே வந்து நின்றுவிட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். கட்டுரை என்று நான் எழுதுவது இதுதான் முதல் தடவை. குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வேலியில்லாத காலம்

ஜப்பானின் வடகோடியில் இருக்கும் பெரிய தீவு ஹொக்கைடோ. குளிர்காலம் முழுக்கப் பனி மூடிக் கிடக்கும் ஊர். அங்கே இருப்பது சிகா மான் என்ற இனம். 'ஷிகா' என்றாலே ஜப்பானிய மொழியில் மான் என்றுதான் அர்த்தம். கோடையில் நம் ஊர்ப் புள்ளிமான் மாதிரியே முதுகில் வெள்ளைப் புள்ளிகள் இருக்கும்.

நூற்றைம்பது வருடத்துக்கு முன்பு இந்த மானைக் கணக்கு வழக்கில்லாமல் சுட்டார்கள். 1878-இல் மான் இறைச்சியை டப்பாவில் அடைக்க ஒரு தொழிற்சாலையே ஆரம்பித்தார்கள். அதற்கு அடுத்த வருடம், 1879-இல், கடும் பனி. புல் தெரியாமல் மூடிவிட்டது. மான்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. ஏற்கெனவே வேட்டையில் குறைந்திருந்த இனம், அழிந்தே போய்விடும் என்ற நிலைக்கு வந்தது. பிறகுதான் வேட்டைக்குத் தடை வந்தது.

இதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. மானைத் தின்று வந்த ஓநாய்களுக்கு மான் கிடைக்காததால், அவை பண்ணைக் குதிரைகள் மேல் பாய்ந்தன. பண்ணைக்காரர்கள் இறைச்சியில் ஸ்ட்ரிக்னைன் என்ற விஷத்தைத் தடவி வைத்தார்கள். கொன்றவர்களுக்கு அரசாங்கம் சன்மானமும் கொடுத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் ஹொக்கைடோ ஓநாய் என்ற இனமே இல்லாமல் போய்விட்டது.

நம் பாஷையில் சொன்னால், இயற்கை வைத்திருந்த கண்ட்ரோல் வால்வைக் கழற்றி எறிந்துவிட்டார்கள். அதன் பலன் உடனே தெரியவில்லை. காடுகள் மேய்ச்சல் நிலம் ஆயின. மானுக்குத் தீனி பெருகியது. நெருக்கமாக நட்ட ஊசியிலை மரத்தோப்புகள் பனிக்காலத்தில் ஒதுங்க இடம் கொடுத்தன. வேட்டையைத் திரும்ப அனுமதித்தபோதும் பல வருடங்கள் ஆண் மானை மட்டும்தான் சுடலாம் என்று சட்டம். பெண் மானைத் தொடக்கூடாது.

இங்கேதான் ஒரு சின்னக் கணக்கு. ஒரு ஆண் மான் பல பெண் மான்களோடு சேரும். ஆகவே ஆண்கள் குறைந்தாலும் குட்டிகள் குறையாது. நல்ல தீனி இருந்தால் ஒரு வருடத்தில் கூட்டம் ஏறக்குறைய 20 சதவீதம் பெருகும். 100 அடுத்த வருடம் 120, பிறகு 144, பிறகு 173, நாலாவது வருடம் 207. நாலே வருடத்தில் இரண்டு மடங்கு! வட்டிக்கு வட்டி என்பது கடன்காரனுக்கு மட்டும் இல்லை, மானுக்கும் உண்டு.

நம்ப முடியாதவர்களுக்கு ஒரு நிஜ உதாரணம். ஹொக்கைடோவில் டோயா என்ற ஏரியின் நடுவில் நகனோஷிமா என்று ஒரு தீவு. 1957-க்கும் 1965-க்கும் இடையில் அங்கே ஒரு ஆண் மானும் இரண்டு பெண் மான்களும் விடப்பட்டன. மொத்தம் மூன்று. 1983-இல் எண்ணியபோது 299. தின்ன எதுவும் மிச்சம் இல்லை. அடுத்த குளிர்காலத்தில் பட்டினியால் கூட்டம் சரிந்து விழுந்தது. கட்டுப்பாடு இல்லாத வளர்ச்சி எங்கே போய் முடியும் என்பதற்கு இதைவிட வேறு பாடம் வேண்டுமா?

1996-இல் ஹொக்கைடோவில் மான்களால் விவசாயத்துக்கும் காட்டுக்கும் ஏற்பட்ட நஷ்டம் ஏறக்குறைய ஐநூறு கோடி யென். பீட்ரூட் வயல், புல்வெளி, இளம் மரங்களின் பட்டை எல்லாம் போயின. ரயிலிலும் காரிலும் மோதுவது வேறு.

மானுக்கு ஒரு க்ளோஸ்டு லூப்

இப்போதுதான் நம் பாடம் வருகிறது. 1998-இல் கிழக்கு ஹொக்கைடோவுக்கு ஒரு மான் மேலாண்மைத் திட்டம் கொண்டுவந்தார்கள். கோய்ச்சி காஜி என்ற வனவிலங்கு ஆராய்ச்சியாளரும், ஹிரோயுகி மட்சுதா என்ற கணித உயிரியல் அறிஞரும் இதில் முக்கியமானவர்கள். அதற்கு அவர்களே வைத்த பெயர் என்ன தெரியுமா? ஃபீட்பேக் மேலாண்மை!

தண்ணி டேங்கில் மட்டம் தெரிய மிதவை இருக்கிறது. காட்டுக்குள் மிதவை எப்படி வைப்பது? மான் வரிசையில் நின்று தலை எண்ணிக்கை கொடுக்காது. ஆகவே 'மொத்தம் எத்தனை' என்று திட்டமாகத் தெரிந்துதான் ஆரம்பிப்போம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. 1993-இல் இருந்த மான் கூட்டத்தை 100 என்று வைத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் அதோடு ஒப்பிட்டுக் கூடியதா, குறைந்ததா என்று பார்த்தார்கள். ராத்திரி வண்டியில் போய் ஸ்பாட்லைட் அடித்து எண்ணுவது, ஹெலிகாப்டரில் போய்ப் பார்ப்பது, ஒரு வேட்டைக்காரர் ஒரு நாளில் எத்தனை மான் பார்த்தார் என்ற கணக்கு, பயிர் நஷ்டம், ரயில் விபத்து இவையெல்லாம்தான் சென்சார்கள்.

செட் பாயிண்ட் 25. மேல் எல்லை 50. கீழ் எல்லை 5. விதி எளிமையானது.

50-க்கு மேல் இருந்தால் அவசர நடவடிக்கை: பெண் மான் உட்பட அதிகமாகச் சுட வேண்டும்.
25-க்கும் 50-க்கும் நடுவில் இருந்தால் மெதுவாகக் குறைக்க வேண்டும்.
5-க்கும் 25-க்கும் நடுவில் இருந்தால் கொஞ்சம் விட்டுப் பிடித்து மெதுவாக வளரவிட வேண்டும்.
5-க்குக் கீழே போனால் வேட்டைக்கே தடை.

எனக்கு இதைப் படித்ததும் ஆச்சரியம் தாங்கவில்லை. நாம் லேபில் டெம்பரேச்சர் கண்ட்ரோலருக்குப் போடும் அதே விதி! கீழ் எல்லை எதற்கு என்று கேட்கலாம். 1879 மாதிரி இன்னொரு கடும்பனி வந்தால் இனம் அழியாமல் இருக்க வேண்டும். அதற்குத்தான்.

இன்னொரு அழகும் இதில் உண்டு. கிழக்கு ஹொக்கைடோவில் சுமார் 1,20,000 மான் இருக்கும் என்று முதலில் மதிப்பிட்டிருந்தார்கள். அந்தக் கணக்குப்படி சுட்டால் வேகமாகக் குறைந்திருக்க வேண்டும். சுட்டார்கள், எதிர்பார்த்த அளவு குறையவில்லை. அப்படியானால் மீட்டர் ரீடிங்கே தப்பு! மறுபடி கணக்குப் போட்டு, மொத்தம் ஏறக்குறைய 2,00,000 இருந்திருக்க வேண்டும் என்று திருத்தினார்கள். ஓபன் லூப்பாக இருந்தால் இந்தத் தப்பு தெரிந்திருக்குமா? 'திட்டப்படி சுட்டாச்சு' என்று ஃபைலை மூடியிருப்பார்கள். தன் தப்பைத் தானே காட்டிக்கொடுப்பதுதான் ஃபீட்பேக்.

அதற்காக எல்லாம் சுபம் என்று நினைக்க வேண்டாம். கிழக்கில் கொஞ்ச காலம் குறைந்தது. ஆனால் மான்கள் மேற்கே பரவின. வேட்டைக்காரர்களுக்கு வயதாகி, எண்ணிக்கையும் குறைந்து வந்தது. 2010 வாக்கில் தீவு முழுவதும் ஆறு லட்சத்துக்கும் மேல் மான்கள் இருந்ததாக மதிப்பிட்டார்கள். வருடத்துக்கு ஒரு லட்சத்துக்கும் மேல் பிடிக்க வேண்டி வந்தது. கண்ட்ரோலர் சரியாக இருந்தாலும் வால்வு சின்னதாக இருந்தால் டேங்க் நிரம்பத்தானே செய்யும்!

அளக்காமல் விட்டது

இனிமேல்தான் வேதனையான பகுதி.

ஹொக்கைடோவுக்குக் குளிர்காலத்தில் ரஷ்யப் பக்கத்திலிருந்து ஒரு விருந்தாளி வரும். ஸ்டெல்லர் கடற்கழுகு. சிறகை விரித்தால் இரண்டரை மீட்டர் வரை இருக்கும். உலகத்திலேயே மொத்தம் சுமார் ஐயாயிரம்தான். அதோடு வெள்ளைவால் கடற்கழுகும் வரும். இவை இரண்டுமே மீன் தின்கிறவை. ரவுசு என்ற கடற்கரை ஊரில் பொல்லாக் மீன் பிடிப்பவர்களின் வலையிலிருந்து சிதறும் மீன்தான் அவற்றுக்குக் குளிர்காலச் சாப்பாடு. 1990-களில் அந்த மீன்பிடிப்பு சரிந்தது. பசித்த கழுகுகள் கடலை விட்டுக் காட்டுக்குள் வந்தன. அங்கே சாப்பாடு தயாராக இருந்தது: வேட்டைக்காரர்கள் விட்டுப்போன மான் பிணங்கள்!

மானைச் சுட்டவர் நல்ல கறியை அறுத்து எடுத்துக்கொள்வார். குண்டு பட்டு ரத்தம் கட்டிய பாகத்தையும் குடலையும் பனியிலேயே போட்டுவிட்டுப் போவார். மான் தோல் தடிப்பானது. கழுகு எங்கே கொத்த ஆரம்பிக்கும்? தோல் ஏற்கெனவே கிழிந்திருக்கும் இடத்தில். அதாவது குண்டு பட்ட காயத்தில். அங்கேதான் விஷம் இருந்தது.

தோட்டாவின் உள்ளே இருப்பது காரீயம். விலை மலிவு, கனம் அதிகம் (அடர்த்தி 11.3), மிருதுவானது. ரைஃபிள் தோட்டா விநாடிக்கு 800 மீட்டர் வாக்கில் போய் எலும்பில் மோதும்போது மிருதுவான காரீயம் நொறுங்கிச் சிதறும். அப்படிச் சுட்ட மானை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால், காயத்தைச் சுற்றி நூற்றுக்கணக்கான வெள்ளைப் புள்ளிகள் தெரியும். காயத்திலிருந்து சில அங்குலம் தள்ளியும் கிடக்கும். பல துணுக்குகள் மணலைவிடச் சிறியவை. கண்ணுக்கே தெரியாது.

கழுகின் வயிற்று அமிலம் எலும்பையே கரைக்கக் கூடியது. காரீயம் எம்மாத்திரம்? கரைந்து ரத்தத்தில் கலக்கிறது. ரத்தத்தின் சிவப்புக்குக் காரணமான ஹீம் என்ற பொருளைத் தயாரிக்க உடம்பில் ஒரு என்சைம் வேலை செய்கிறது. காரீயம் போய் அந்த என்சைமை முடக்குகிறது. ரத்தசோகை வருகிறது. நரம்பு தளர்கிறது. ஜீரணம் நின்றுபோகிறது. இறகு விரித்துப் பறக்க வேண்டிய பறவை, தலையைத் தூக்க முடியாமல் பனியில் உட்கார்ந்திருக்கும். எச்சம் பச்சையாகப் போகும். பிறகு செத்துப் போகும்.

1996-இல்தான் இப்படிச் செத்த ஸ்டெல்லர் கடற்கழுகு முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்குப் பிறகு குளிர்காலத்துக்குக் குளிர்காலம் தொடர்ந்து வந்தது. குஷிரோ என்ற ஊரில் கெய்சுகே சைட்டோ என்ற கால்நடை மருத்துவர் இந்தக் கழுகுகளைப் பரிசோதித்தும் வைத்தியம் பார்த்தும் வருகிறார். ரத்தத்தில் 0.6 பி.பி.எம். காரீயத்தைத் தாண்டினால் அது ஈய நஞ்சு என்று அங்கே கணக்கு. அப்படி உறுதி செய்யப்பட்டவை மட்டுமே நூற்றுக்கும் மேல். காட்டில் யார் கண்ணிலும் படாமல் செத்தவை எத்தனையோ!

"தோட்டாவிலிருந்துதான் வந்தது என்பதற்கு என்ன சாட்சி? புகையிலிருந்து வந்திருக்கலாமே?" என்று யாரும் கேட்கலாம். அதற்கும் அளவை இருக்கிறது. காரீயத்தில் 204, 206, 207, 208 என்று நாலு ஐசோடோப்புகள் உண்டு. எந்தச் சுரங்கத்திலிருந்து எடுத்தார்களோ அதைப் பொறுத்து அவற்றின் விகிதம் மாறும். கைரேகை மாதிரி! செத்த கழுகின் உடம்பிலிருந்த காரீயத்தின் விகிதத்தைத் தோட்டாவின் விகிதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒத்துப்போனது. சில கழுகுகளின் வயிற்றில் தோட்டாத் துண்டும் மான் முடியும் சேர்ந்தே கிடந்தன.

யோசித்துப் பாருங்கள். மானைக் குறைக்க வேண்டும் என்று நல்லெண்ணத்தில் துப்பாக்கி எடுத்தார்கள். மான் எண்ணிக்கையை ஒவ்வொரு வருடமும் அளந்தார்கள். லூப் அதன் வேலையைச் செய்தது. ஆனால் கழுகின் ரத்தத்தை யாரும் அந்த லூப்பில் இணைக்கவில்லை. அளக்காத இடத்தில் நஷ்டம் போய்ச் சேர்ந்தது. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்த ஒரே விஷயம் இதுதான்: எதை அளக்கிறோம் என்பதை முடிவு செய்யும்போதே, யார் நஷ்டப்படுவது என்பதையும் தெரியாமல் முடிவு செய்துவிடுகிறோம்.

திருத்தம்

ஹொக்கைடோ நிர்வாகம் சும்மா இருக்கவில்லை. 2000-ஆம் ஆண்டில் மான் வேட்டைக்கு ஈய ரைஃபிள் தோட்டாக்களைத் தடை செய்தது. 2001-இல் ஷாட்கன்னில் போடும் பெரிய ஈயக் குண்டுக்கும் தடை. 2004-இல் கரடி உட்படப் பெரிய விலங்கு வேட்டை எல்லாவற்றுக்கும் தடை. ஆனாலும் கழுகுகள் சாவது நிற்கவில்லை. ஏன்? ஜப்பானின் மற்ற பகுதிகளில் ஈயத் தோட்டா கடையில் கிடைக்கும். வெளியூர் வேட்டைக்காரர்கள் கொண்டுவரலாம். சுட்ட பிறகு யார் பார்க்கப் போகிறார்கள்? அதனால் 2014-இல், மான் வேட்டைக்குப் போகும்போது ஈயத் தோட்டாவைக் கையில் வைத்திருப்பதே குற்றம் என்று ஆக்கினார்கள். 2030-க்குள் பறவைகளுக்கு ஈய நஞ்சே இல்லை என்ற நிலைக்கு வர வேண்டும் என்று 2021-இல் ஜப்பான் சுற்றுச்சூழல் அமைச்சகம் நாடு முழுவதுக்கும் இலக்கு அறிவித்தது.

ஈயத்துக்குப் பதில் என்ன? செம்பு. செம்பின் அடர்த்தி 8.96. கொஞ்சம் இலேசுதான். ஆனால் மோதினால் நொறுங்காமல் பூ மாதிரி விரிந்து, ஒரே துண்டாக நிற்கும். மெக்கானிக்கல் நண்பர்களே, மெட்டீரியல் செலக்‌ஷன் என்று நீங்கள் மனப்பாடம் செய்வது ஒரு கழுகின் உயிர் என்று தெரியுமா?

மானே ஒரு மீட்டர்

இதுவரை மானால் கழுகுக்கு வந்த கேட்டைப் பார்த்தோம். மானுக்கே கேடு வருவதும் உண்டு. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் பாமர்ட்டன் என்ற ஊரில் 1898 முதல் 1980 வரை துத்தநாகம் உருக்கினார்கள். மலைச்சரிவில் மரமே இல்லாமல் போயிற்று. அந்தப் பக்கத்து வெள்ளைவால் மான்களைச் சோதித்து 1985-இல் வெளியிட்ட ஆய்வில், உலைக்குக் கிட்டே வாழ்ந்த மான்களின் சிறுநீரகத்தில் காட்மியமும் துத்தநாகமும் மிக அதிகம் என்று தெரிந்தது. சில மான்களுக்கு மூட்டுகள் தேய்ந்திருந்தன. இலையில் படிந்த தூசியை மான் தின்கிறது. மானின் உடம்பு அதைச் சேர்த்து வைக்கிறது.

மான் கொம்பு இன்னும் விசேஷம். கொம்பு வருடா வருடம் விழுந்து புதிதாக முளைக்கும். அது எலும்புதான். காரீயம் உடம்புக்குள் கால்சியம் வேஷம் போட்டு எலும்பில் போய் உட்காரும் குணம் உடையது. ஆகவே ஒவ்வொரு வருடத்துக் கொம்பும் அந்த வருடத்து மாசுக்கு ஒரு ரெக்கார்டு. ஜெர்மனியில் வேட்டைக்காரர்கள் கொம்பைத் தேதி போட்டுச் சுவரில் மாட்டி வைக்கும் பழக்கம் உண்டு. விஞ்ஞானிகள் அந்தப் பழைய கொம்புகளிலிருந்து துளி எடுத்து, எந்தக் காலத்தில் மாசு எவ்வளவு என்று ஒப்பிட்டார்கள். சார்ட் ரெக்கார்டர் சுவரில் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது, பாருங்கள்!

எங்கள் வீட்டு வாசலில்

செமினாருக்கு முதல் நாள் ராத்திரி வீட்டில் சத்தமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா சாப்பிட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். "காரீயம்னா நாம பட்டறையில உருக்கறதுதான அம்மிணி?" என்றார்.

எங்கள் ஊர் லாரிக்குப் பேர் போன ஊர். அப்பா இருபத்தைந்து வருடமாக ஒரு பேட்டரி பட்டறையில் வேலை பார்க்கிறார். செத்த பேட்டரியைப் பிரித்து, பிளேட் மாற்றி, இரும்புச் சட்டியில் ஈயம் உருக்கி டெர்மினல் வார்ப்பார். அவர் ஐந்தாம் வகுப்பு. அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டியது நான்தான் முதல் ஆள்.

"ஆமாங்கப்பா, அதே காரீயம்தான்" என்றேன். "கழுகுக்கு என்ன பண்ணும்னு சொன்னே, இன்னொருக்கா படி." படித்தேன். ரத்தசோகை, நரம்புத் தளர்ச்சி, ஜீரணக் கோளாறு... படிக்கும்போதே என் குரல் இறங்கிவிட்டது. அம்மா அடுப்படியிலிருந்து, "உங்களுக்கும்தான் ரெண்டு வருசமா வவுத்து வலி. கை வேற நடுங்குது. கேஸ் கேஸ்னு மாத்திரை வாங்கித் திங்கறீங்க" என்றார். அப்பா ஒன்றும் பேசவில்லை. கை கழுவாமல் கொஞ்ச நேரம் தட்டையே பார்த்துக்கொண்டு இருந்தார்.

அடுத்த வாரம் அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். ரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும் என்று நானே டாக்டரிடம் கேட்டேன். ரிசல்ட் வந்தது. ஒரு டெசிலிட்டருக்கு 38 மைக்ரோகிராம். 5 இருந்தாலே எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்த வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதல். கழுகுக்கு நஞ்சு என்று சொல்லும் 0.6 பி.பி.எம்.-ஐ இதே அளவில் சொன்னால் 60. அப்பா பாதி வழிக்கு மேல் வந்துவிட்டிருந்தார்.

"வேலையை விட்டுருங்கப்பா" என்று அழுதேன். அவர் சொன்ன பதிலை என்னால் மறக்க முடியாது. "இந்த ஈயந்தான் அம்மிணி உன்னையப் படிக்க அனுப்புது. விட்டுப்போட்டு என்ன பண்றது?" என் பரீட்சைப் பீஸும், பஸ் பாஸும், இந்தக் கட்டுரை எழுதும் பேனாவும் அந்தச் சட்டியிலிருந்து வந்தவைதான். நான் மார்க் எடுத்தேனா என்று வருடா வருடம் எல்லோரும் அளந்தார்கள். அப்பாவின் ரத்தத்தை யாரும் அளக்கவில்லை. நானும்தான்.

விடாமல் என்ன செய்யலாம் என்று டாக்டர் சொன்னார். சட்டிக்குப் பக்கத்தில் டீ, பீடி கூடாது. சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை, முகம் கழுவ வேண்டும். பட்டறைச் சட்டையோடு வீட்டுக்குள் வரக்கூடாது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் அது ரொம்ப முக்கியம். சாம்பல் மாதிரி மேலே மிதக்கும் கசடை உலர்வாகப் பெருக்கக்கூடாது. ஈரத்துணியால் துடைக்க வேண்டும். ஓனரிடம் பேசி, சட்டியைக் கொட்டகைக்கு வெளியே மாற்றினார் அப்பா. மூன்று மாதம் கழித்துப் பார்த்தோம். 29. இறங்கியிருக்கிறது, போய்விடவில்லை. ரத்தத்தில் இருப்பது ஒரு மாத வாக்கில் பாதியாகக் குறையும். எலும்பில் போய் உட்கார்ந்தது பல வருடம் இருந்து, கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப ரத்தத்துக்கு வரும். ஆகவே இனி விடாமல் அளந்துகொண்டே இருக்க வேண்டும்.

எங்கள் பேட்ச் ப்ராஜெக்ட் என்ன என்று இப்போது ஊகித்திருப்பீர்கள். ஈயச் சட்டிக்கு ஒரு டெம்பரேச்சர் கண்ட்ரோலர். காரீயம் 327 டிகிரியில் உருகும். பட்டறையில் நிதானம் தெரியாமல் காஸைத் திறந்துவிட்டுச் செக்கச் சிவக்கக் காய்ச்சுவார்கள். சூடு ஏற ஏற ஆவி அதிகம். தெர்மோகப்பிள் வைத்து, தேவைக்கு மேல் போனால் காஸ் வால்வு தானாக மூடும்படி செய்யப் போகிறோம். ஆனால் சூட்டை மட்டும் அளந்துவிட்டு நிம்மதியாக இருந்தால், ஹொக்கைடோ செய்த அதே தப்பு! கசடுத் தூசி கையோடு வயிற்றுக்குப் போவதை எந்த தெர்மோகப்பிளும் காட்டாது. ஆகவே எங்கள் ப்ளாக் டயகிராமில் ஒரு கட்டம் கூடுதலாகப் போட்டிருக்கிறோம்: 'மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை'. சார் பார்த்துவிட்டு, "இது எந்த புக்கில இருக்கு?" என்றார். "புக்கில இல்ல சார், ஜப்பான்ல இருக்கு" என்றேன்.

கடைசியாகச் சில வார்த்தை

நண்பர்களே, நம் லேபில் சால்டரிங் செய்கிறோமே, அந்த 60/40 கம்பியில் 40 சதவீதம் காரீயம்தான். கம்பியை வாயில் கடித்துக்கொண்டு வேலை செய்யும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள். சால்டரிங் முடிந்ததும் கை கழுவிவிட்டு டிபன் பாக்ஸைத் திறங்கள். பழைய பேட்டரியைக் குப்பையில் போடாமல் கடையில் திருப்பிக் கொடுங்கள். பாட்டி ரசம் வைக்கும் ஈயச் சொம்பைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது வெள்ளீயம், வேறு உலோகம். ஆனால் புதிதாக வாங்கும்போது காரீயம் கலக்காததா என்று கேட்டு, தெரிந்த கடையில் வாங்குங்கள்.

நாளைக்கு நாம் எல்லோரும் ஏதோ ஒரு கம்பெனியில் ஏதோ ஒரு மீட்டர் முன்னால் உட்காரப் போகிறோம். உற்பத்தி ஏறுகிறதா, செலவு குறைகிறதா என்று அந்த மீட்டர் காட்டும். அதைப் பார்த்துக் கையெழுத்துப் போடும் முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். இந்த மீட்டரில் வராதது எது? அது யார் தலையில் விழுகிறது? கழுகின் தலையிலா, கொட்டகையில் சட்டி பக்கத்தில் நிற்கும் யாரோ ஒரு அப்பாவின் தலையிலா?

அதையும் அளக்க ஒரு சென்சார் வையுங்கள். டிப்ளமோ படித்தவர்கள் நாம். நம்மால் முடியும்.